லாடம் அடித்த ஆட்டக்காரன்

போன மாதம் தேனியில் ஒரு நடனப் பள்ளிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். வாசலில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஃபிளெக்ஸ் பேனர். 'தேனி மாவட்டத்தின் முதல் ஃபிளமெங்கோ கலைஞர்' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது என்ன வியாதிண்ணே?" என்று கேட்டார். "கால்ல வர்றது. எனக்குக் குணமாயிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

விழா முடிந்ததும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அந்த 'முதல்' என்ற சொல்லை மேடையில் மைக்கைப் பிடித்தபோதே திருத்தியிருக்க வேண்டும். கைதட்டல் பலமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். அதனால் இங்கே எழுதித் திருத்துகிறேன்.

நான் ஜெயமங்கலத்துத் தச்சன். கதவு, நிலை, கட்டில் செய்து பிழைத்தவன். 1996இல், எனக்கு முப்பத்து நாலு வயதில், புதுச்சேரிப் பக்கம் ஒரு நடனக் கூடத்துக்கு மரத்தளம் போடும் வேலை கிடைத்து நாலு பேர் போனோம். கூடத்தை நடத்தியவர் பிலார் அம்மா, ஸ்பெயின் நாட்டுக்காரர். அறுபதை நெருங்கிய வயது, குட்டையான உருவம், கையில் எப்போதும் ஒரு தடி. தமிழில் அவருக்கு மூன்று சொற்கள் தெரியும்: சரி, போதும், மறுபடி. முதல் இரண்டை அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

ஃபிளமெங்கோ அவர்கள் ஊர் ஆட்டம். நிமிர்ந்து நின்று, ஆணி அடித்த குதிகால் செருப்பால் தரையைத் தட்டித் தாளம் எழுப்ப வேண்டும். தரைதான் மத்தளம். ஆகவே தளம் சாதாரணமாக இருக்க முடியாது. சிமெண்டுத் தரைமேல் சட்டங்களை ஒரு முழ இடைவெளியில் படுக்க வைத்து, அதன்மேல் பலகை அடித்தோம். அடியில் காற்று நின்றால்தான் சத்தம் கிளம்பும். ஒரு பலகை சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் 'டொக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தப்' என்று கேட்கும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பலகையாகக் குதிகாலால் தட்டிக்கொண்டே நடப்போம். நான் சும்மா தட்டவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் கேட்ட உறுமி அடியைத் தட்டிக்கொண்டு நடந்தேன். பிலார் அம்மா வாசலில் நின்று, "மறுபடி" என்றார். எந்தப் பலகை சரியில்லையோ என்று மறுபடி தட்டினேன். "மறுபடி." வியர்த்து விறுவிறுத்துப் போன பிறகுதான் தளத்தில் குறை இல்லை, என்னைத்தான் கேட்கிறார் என்று விளங்கியது.

என் திறமையில் மயங்கித்தான் வகுப்பில் சேர்த்துக்கொண்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், ஜோடி நிறுத்த ஒரு ஆம்பிளை தேவைப்பட்டது என்பது பிறகு தெரிந்தது.

மூன்று வருஷம். பகலில் தச்சு வேலை, சாயங்காலம் வகுப்பு. முதல் ஆறு மாதம் காலைத் தூக்கவே விடவில்லை. கைதட்டல் மட்டும்தான். இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டினால் அடங்கிய சத்தம். நாலு விரலைச் சேர்த்து உள்ளங்கையில் அடித்தால் கூர்மையான சத்தம். ஆடுபவர் கால் பேசும்போது அடங்கிய தட்டு, கால் நிற்கும்போது கூர்மையான தட்டு. பன்னிரண்டு எண்ணிக்கையில் மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகிய இடங்களில் அழுத்தம். நான் எட்டை விழுங்கிவிட்டுப் பத்துக்கு ஓடுவேன். தடி என் முழங்காலில் விழும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அந்த வழியும் இல்லை, கூடத்தைப் போட்டவனே நான்.

1999இல் ஊருக்குத் திரும்பினேன். பையில் உளியும் இழைப்புளியும் போக, இரண்டு அங்குலக் குதிகால் வைத்த ஒரு ஜோடி செருப்பு. என் வீட்டுக்காரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மர வேலைக்குத்தான போனீக? அங்கன என்ன, மறை கழண்டு வந்திருக்கீக?" என்றாள். செருப்பில் ஆணி தேய்ந்துபோனதால் தேனியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். முன்பக்கம் முப்பது ஆணி, குதிகாலில் இருபது, நெருக்கமாக அடிக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டுக்குத்தான்யா லாடம் அடிப்பாக. கால நீட்டு, அப்படியே அடிச்சு விட்டுர்றேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று ஒட்டிக்கொண்ட 'லாடம் மாஸ்டர்' என்ற பேர் இன்றுவரை போகவில்லை.

முதல் நிகழ்ச்சி எங்கள் ஊர்த் திருவிழாவில். கூட்டாளிகள் மேடை பிடித்துக் கொடுத்தார்கள். இரும்பு டிரம்களின் மேல் பலகை போட்ட மேடை. தச்சனான எனக்கு அதைப் பார்த்ததும் மகா சந்தோஷம், ஊரே அதிரப்போகிறது என்று. மேடைப் படியில் கால் வைக்கும்போது விழாக் கமிட்டிப் பெரியவர் கையை நீட்டி மறித்தார். "மேடை சாமியப் பாத்து இருக்குப்பா. செருப்பக் கழட்டிட்டு ஏறு." அவர் சொன்னது நியாயம். மூன்று வருஷம் புதுச்சேரியில் இருந்து எனக்குத்தான் ஊர் முறை மறந்துபோயிருந்தது. கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். மேடையில் ஜமுக்காளம் வேறு விரித்திருந்தார்கள். பத்து நிமிஷம் நெஞ்சை நிமிர்த்தி மூக்கை விடைத்துக்கொண்டு தட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. "ஏலே, அவனுக்குக் காலுல எறும்பு ஏறிருச்சு, தட்டி விடுங்கடா!" என்று ஒரு குரல் வந்தது. அத்தோடு என் சொந்த ஊர்க் கலை வாழ்க்கை முடிந்தது.

செருப்போடு ஆட விடும் இடம் குமுளியில் இருந்த ஒரு ரிசார்ட். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம் கலை நிகழ்ச்சி. மேனேஜர் குரியன் சார் கோட்டயத்துக்காரர். கோபமே வராது, குரல் உயராது, கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பார். ஆறே முக்காலுக்கு சூப் வரும், அப்போது ஆட்டம் தொடங்க வேண்டும். ஏழேகாலுக்குச் சோறு வரும், அதற்குள் முடிய வேண்டும். மாஸ்டரை மலையாளத்தில் 'மாஷே' என்பார். கலையைப் பற்றி அவருக்கு இருந்த கருத்து ஒன்றே ஒன்று. "மாஷே, சூப்பு தணுத்துப் போகக் கூடாது." ஆட்டத்தை வேடிக்கை பார்த்து விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் சூப் ஆறிவிடும், சமையல்காரர் கத்துவார். என் ஆட்டத்தில் ஒரு நாளும் சூப் ஆறியதில்லை. குரியன் சாருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

குழு சேர்த்தேன். கிடாருக்குக் குமுளி சர்ச்சில் வாசிக்கும் ஜோஸ். பாட்டுக்கு உத்தமபாளையம் காதர் ராவுத்தர். பகலில் மிளகு வியாபாரம், தொண்டை வெண்கலம். "தம்பி, அல்லா பேரு சொல்ற பாட்ட ஆட்டத்துக்குப் பாட மாட்டேன். ராகம் மட்டும் இழுக்கேன், போதுமா?" என்றார். போதும் என்றேன். அந்த இழுப்பில் விருந்தாளிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் மூடுகிறார்கள் என்பார் ஜோஸ்.

கைதட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. கூடலூரில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பெண்கள் கும்மி அடித்துப் பழகிக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்து இறங்கிப் போனேன். ஒருத்தி தட்டிய தட்டில் மட்டும் பிசிறே இல்லை. பேச்சியம்மாள். முப்பத்தெட்டு வயது, தோட்டத்தில் கொடி வெட்டிக் கழிக்கும் கவாத்து வேலை, புருஷன் டிராக்டர் ஓட்டுபவர். பன்னிரண்டு எண்ணிக்கையை நான் எழுதிக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். "எழுத்தெல்லாம் வேணாம் மாஸ்டர், தட்டிக் காட்டுங்க" என்றாள். தட்டினேன். மூன்றாவது சுற்றில் சேர்ந்துகொண்டாள். நான் ஆறு மாதம் அடிவாங்கிப் படித்ததை அவள் பிடித்துக்கொள்ள ஒரு டீ ஆறும் நேரம்தான் ஆனது. எட்டை அவள் விழுங்கவே இல்லை.

பேச்சியையும் அவள் நாத்தனாரையும் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு வாரம் போனதும் ஒரு தொல்லை தெரிந்தது. நான் காலைத் தட்டும்போது கூடவே இன்னொரு காலும் கேட்டது. உட்கார்ந்தபடியே பேச்சியின் குதிகால் பலகையைத் தட்டுகிறது. வெறுங்கால்தான், ஆனால் திராட்சைத் தோட்டத்துக் கல்லிலும் முள்ளிலும் காய்த்துப்போன கால், மரக்கட்டை போலச் சத்தம். அதுவும் என் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால், எது சரியான இடமோ அந்த இடத்தில். "காலை ஆட்டாத பேச்சி" என்றேன். "நான் எங்க மாஸ்டர் ஆட்டுறேன், அதுவா ஆடுது" என்றாள். அடுத்த நாள் சாக்கு ஒன்றை நாலாக மடித்து அவள் காலுக்கு அடியில் போட்டேன். "பலகை சில்லுன்னு இருக்கும், அதுக்காக" என்று சொன்னேன். சத்தம் நின்றது.

ஒரு தடவை கேட்டாள். "மாஸ்டர், நானும் ஒருக்க எந்திரிச்சு ஆடிப் பாக்கட்டா?"

"இது ஒன் வயசுக்கு வராது பேச்சி. சின்ன வயசுலயே ஒடம்பு வளைஞ்சிருக்கணும்."

"நீங்க எத்தன வயசுல ஆரம்பிச்சீக?"

"அது வேற."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

2006 டிசம்பரில் பிலார் அம்மா என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். மதுரையிலிருந்து டாக்சி. எழுபதை நெருங்கிவிட்டார், தடி இப்போது ஊன்றுவதற்கும் சேர்த்து. குரியன் சார் முன்வரிசை மேசை கொடுத்தார். நான் புதுச் சட்டை போட்டு, மீசையை ஒதுக்கி, என் கையிருப்பில் இருந்த அத்தனை வித்தையையும் இறக்கினேன். கடைசியில் ஒரு காலைத் தூக்கிச் சுழன்று நின்று, கையை மேலே உயர்த்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேடை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போனார். பேச்சியின் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, சாக்கைப் பிடித்து இழுத்து உருவி எறிந்தார். தடியால் பலகையில் பன்னிரண்டு தட்டினார். பிறகு பேச்சியைப் பார்த்து, "மறுபடி" என்றார்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், வேறு என்ன செய்ய? அவள் குதிகால் எழுந்தது. உட்கார்ந்தபடியேதான். முதலில் மெதுவாக, பிறகு பிலார் அம்மாவின் தடியைத் துரத்திக்கொண்டு, பிறகு தடி நின்ற பிறகும் தனியாக. இடையில் ஒரு இடத்தில் காலை நிறுத்தி, மூன்று எண்ணிக்கை சும்மா விட்டு, நாலாவதில் ஒரே ஒரு அடி அடித்தாள். அதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே அது வராது. காதர் அண்ணன் கிளம்பப் போனவர் துண்டை மறுபடி கீழே வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாக எரிந்தது.

பிலார் அம்மா என் பக்கம் திரும்பி, அவருடைய ஓட்டை இங்கிலீஷில், என் ஓட்டை இங்கிலீஷுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். இந்தப் பெண்ணைப் போலக் கால் கிடைத்து எனக்கு எத்தனையோ வருஷம் ஆகிறது. மார்ச்சில் நான் ஊருக்கே போகிறேன், திரும்ப மாட்டேன். அதற்குள் மூன்று மாதம் இவளை அனுப்பு. என் வீட்டில் தங்கட்டும். கேள், அவளைக் கேள்.

"என்ன சொல்றாக மாஸ்டர்?" என்றாள் பேச்சி.

"நீ கைதட்டுறது நல்லா இருக்காம்" என்றேன்.

"வேற?"

"ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாக."

பிலார் அம்மா என்ன பதில் என்று கேட்டார். வீடு, பிள்ளைகள், தோட்ட வேலை, வர முடியாது என்கிறாள் என்று சொன்னேன். அவர் பேச்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காரில் ஏறும்போது என் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லுவார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தளம் நல்ல தளம்" என்றார். ரிசார்ட் மேடைப் பலகையும் நான் போட்டதுதான், அந்த மட்டுக்கும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மார்ச் வந்தது, போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று சொல்லிவிடுவோம், இன்னும் பிந்திப் போகவில்லை என்று பஸ் ஏறுவேன். இறங்கும்போது அடுத்த வெள்ளி என்று ஆகிவிடும். அப்புறம் பிலார் அம்மா ஊருக்குப் போய்விட்டார் என்று புதுச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்தச் சாக்கை மட்டும் நான் திரும்பப் போடவில்லை. பெரிய தியாகம்!

2008இல் என் முழங்கால் போயிற்று. தேனி டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, "என்ன தொழில்?" என்றார். சொன்னேன். "இனிமே தச்சு வேல மட்டும் பாருங்க" என்றார். குரியன் சார் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, "மாஷே, வெள்ளிக்கிழமை ஆள் வேணம்" என்றார். வேறு ஆள் ஏது? கூடலூருக்குப் போய், திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, "பேச்சி, நீ ஆடுறியா?" என்று கேட்டேன். ஏன் இப்போது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கவாத்துக் கத்தரியைக் கொடியில் மாட்டிவிட்டு, "செருப்பு வேணுமே" என்றாள்.

தேனி செருப்புக்காரரிடமே அழைத்துப் போனேன். இந்தத் தடவை அவர் கேலி பேசவில்லை. "அந்தம்மா காலுக்கு லாடமே வேணாம்யா" என்று சொல்லிக்கொண்டே அடித்துக் கொடுத்தார். நாற்பத்தேழு வயதில், சாதாரணக் கைத்தறிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பேச்சியம்மாள் ஆட வந்தாள். கையை வீசவில்லை, சுழலவில்லை. நடுவில் நின்று தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தன் காலைத் தானே கேட்பதுபோல ஆடினாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். இரண்டு தடவை எட்டை விழுங்கினேன். திரும்பிப் பார்க்காமலே காலால் என்னைச் சரியான இடத்துக்கு இழுத்து வந்தாள். ஏழேகால் தாண்டியது. குரியன் சார் கடிகாரத்தைப் பார்க்க மறந்து நின்றார். பிறகு என்னிடம் வந்து, "மாஷே, எல்லா மேசையிலும் சூப்பு தணுத்துப் போயி" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது.

இரண்டு வருஷம் ஆடினாள். ஆட்டங்களை அமைத்ததும் பாதி அவள்தான். அறிவிப்புப் பலகையில் என் பேர் மட்டும் இருந்தது. பேனரில் போட்ட அந்த 'முதல்' அவளுக்குச் சேர வேண்டியது. 2010இல் ரிசார்ட் கைமாறியது. புதிய முதலாளிகள் சாப்பாட்டுக் கூடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். குரியன் சார் எங்களுக்கு மத்தியானம் மீன் குழம்போடு சோறு போட்டு, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்.

கம்பம் பஸ்ஸில் பேச்சி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். மலையிலிருந்து பஸ் இறங்க ஆரம்பித்தது. மடியில் கடிகாரம் டிக் டிக் என்றது. இன்று விட்டால் இனி வெள்ளிக்கிழமை கிடையாது என்று உறைத்தது. சொல்லிவிட்டேன். பிலார் அம்மா சொன்னது முழுவதையும், நான் சொன்ன இரண்டு பொய்களையும்.

இரண்டு வளைவு போனது.

"காலப் பத்தித்தான் சொன்னாகன்னு அன்னைக்கே தெரியும் மாஸ்டர்" என்றாள். "கைதட்டுறது நல்லா இருக்குன்னு சொல்றவுக சாக்க எதுக்கு உருவுறாக? நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆனா என்னையக் கூப்புட்டாகன்னு தெரியாது."

"மூணு மாசம், பேச்சி. போயிருந்தா எங்கயோ போயிருப்ப."

"எங்க போக? அப்பத்தான் மகளுக்குப் பேறுகாலம். போயிருக்க மாட்டேன்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆனா, வரலன்னு நான்ல மாஸ்டர் சொல்லணும்? அத எதுக்கு நீங்க சொன்னீக?"

"தப்புத்தான் பேச்சி. மன்னிச்சிரு" என்றேன்.

"மொழங்கால நீட்டி உக்காருங்க. லோயர் கேம்ப் வந்துருச்சு" என்றாள்.

கூடலூரில் இறங்கிக் கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவள் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன். மன்னித்தாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அதை அவள் சொல்லும்போது சொல்லட்டும்.